எங்க தெருவுல எத்தனை சீசன்?

இந்தப் பதிவு ஒரு ஜோக்கைப் பத்தி. உங்களுக்கும் தெரிஞ்ச ஜோக்குதான். "உங்க ஊர்ல எத்தனை சீசன்?"னு வெளியூர்க்காரன் எவனாவது கேட்டா, "மூணு சார். ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட்"னு சொல்லுவோமே, அதேதான். நம்ம மக்கள்ல பாதிப்பேர் மே மாசம் வந்தா இதை வெச்சு ஒரு மொக்கைப் பதிவாவது தேத்தியிருப்பீங்க. நானும் தேத்தியிருக்கேன். தேடிப்பிடிச்சு பின்னூட்டத்துல லிங்க் குடுத்துடாதீங்க :-)

2023 மார்ச்ல இருந்து பதினோரு மாசம் ஆன்சைட்டுன்னு டோக்கியோவுல குப்பை கொட்டினேன். ஜாகை நிஷிகசாய்ல. நம்ம ஊர் சாஃப்ட்வேர் ஆளுங்க நிறைய பேர் இருக்கற ஏரியா, இட்லி மாவுக்குக் கூட கஷ்டமில்ல. ஜப்பான்னா சகுரா, புல்லட் ரயில்னு எழுதணும்கிறது மரபு. எனக்கு என்னவோ நான் இருந்த தெருதான் பிடிச்சுது. முக்குல ஒரு வெண்டிங் மெஷின். வெயில் காலத்துல எல்லா பட்டனுக்குக் கீழயும் நீல ஸ்டிக்கர், எல்லாமே சில்லுன்னு வரும். அக்டோபர், நவம்பர் வாக்குல ஒருநாள் காலையில பாத்தா கீழ் வரிசை சிவப்பா மாறியிருக்கும். காப்பி டின் கை பொறுக்காத சூட்டுல வந்து விழும். குளிர் முத்தினா சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டு விக்கற வண்டி ராகம் போட்டுக்கிட்டு வரும். ஜின்க்கோ இலை கொட்ட ஆரம்பிச்சா எதிர்வீட்டுத் தாத்தா தினம் காலையில தன் வாசலைக் கூட்டிட்டு, பக்கத்து வாசல்லயும் ஒரு முழம் சேத்துக் கூட்டுவார். முழுசாக் கூட்டினா அவங்க சங்கடப்படுவாங்களாம். ஒரு முழம்தான் கணக்கு!

அவங்க பழைய காலண்டர்ல வருஷத்துக்கு 72 பருவம். ஒவ்வொண்ணும் அஞ்சு நாள் சுமாருக்கு. சீனாவுல இருந்து வந்த கணக்கை 1685-ல ஷிபுகவா ஷுன்காய்னு ஒரு வானியல்காரர் ஜப்பான் தட்பவெப்பத்துக்குத் தகுந்த மாதிரி திருத்தினாராம். கீழக்காத்து பனியைக் கரைக்கிற அஞ்சு நாள், தவளை கத்த ஆரம்பிக்கிற அஞ்சு நாள்... இப்படிப் போகுது.

2024 ஜனவரியில எங்க டீம்ல இருந்த பெரியவர் ஒருத்தர் (ரிட்டயர் ஆகப்போற வயசு) டீ குடிக்கும்போது என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் ரெடியா வெச்சிருந்த ஜோக்கை எடுத்து விட்டேன். மரியாதைக்குச் சிரிச்சார். சிரிச்சுட்டு, "அப்போ உங்க தெருவுல எல்லாரும் வருஷம் பூரா ஒரே வேலையா பாப்பாங்க?"ன்னார்.

பதில் வரலைங்க. ஏன்னா எங்க ஊர் அனுமந்தை.

ஈசிஆர்ல பாண்டிச்சேரி போனவங்களுக்கு சுங்கச்சாவடின்னு சொன்னா ஞாபகம் வரும். மரக்காணத்துக்குத் தெக்கே. கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே சவுக்கும் மல்லாட்டையும் (வேர்க்கடலைங்க, எங்க பக்கம் இப்படித்தான்), வடக்கே போனா மரக்காணம் உப்பளம், 3,000 ஏக்கருக்கு மேல. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அந்த உப்பளம்தான் சோறு.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணுமில்லடா. எதுத்த வூட்டு அத்தைக்கு பாத்தி மிதிக்க ஆள் வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. திங்கக்கெழமைல இருந்து வண்டி வருதாம். அது மூஞ்சைப் பாக்கணுமே இப்ப!"

எங்க தெருவுல ஒரு பருவம் ஆரம்பிக்கற சேதி இப்படித்தான் வரும்.

வரிசையாவே சொல்றேன். பொங்கலுக்கு அப்புறம் மழைத்தண்ணியை இறைச்சு, சேறு அள்ளி, வரப்பு கட்டி, பாத்தியைக் காலால மிதிச்சு மிதிச்சுக் கெட்டி பண்ணணும். உப்பு இறங்காத மாசம், ஆனா கூலி உண்டு. மாசி, பங்குனியில முதல் உப்பு. காலையில நாலு மணிக்கு வேன் ஹாரன், தெரு நாய் பூரா எந்திரிச்சுக் குரைக்கும். நான் ப்ளஸ் டூ படிச்சதே அந்த அலாரத்துலதான். கூடவே ரோட்டோரத்துல தர்பூசணி குவியும், லாரி நிக்கும். சித்திரையில தெருவுல மல்லாட்டை காயும், நுங்கு வரும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டு போகாது, மீன் விலை ஏறும், கூடையில மீன் கொண்டு வர்ற ஆயா பேசற பேச்சும் ஏறும். நம்ம ஜோக்குல வர்ற ஹாட்டஸ்ட் இதுதான். உப்பளத்துக்கு இதுதான் அறுவடை.

(கொஞ்சம் எஞ்சினியர் புத்தி. கடல் தண்ணி போமே மானியில மூணு, மூணரை டிகிரி காட்டும். வெயில்ல வத்தி வத்தி 24, 25-க்கு வந்தாத்தான் உப்பு கட்டும். அத்தைக்கு மானி எல்லாம் தேவையில்ல. தண்ணியைப் பாத்தே "நாளைக்கு வாரலாம்"னு சொல்லிடும்.)

ஆடியில கூழ் ஊத்துவாங்க, சாயங்காலம் இடியோட மழை வர ஆரம்பிக்கும். அரை மணி நேர மழை. நீங்க சென்னையில பஜ்ஜி ஸ்டேட்டஸ் போடுவீங்க. பாத்தியில கட்டியிருந்த உப்பு கரைஞ்சிடும், அப்புறம் நாலஞ்சு நாளைக்கு வேன் ஹாரன் கேக்காது. புரட்டாசியில குவிச்ச உப்பை மூடி வெப்பாங்க. ஐப்பசியோட கடை கட்டியாச்சு. டீக்கடையில கணக்கு நோட்டு தடிக்கிற காலம்.

அந்த நேரம் பாத்து சென்னையில இருந்து பெரிய பெரிய லென்ஸோட ஆளுங்க வருவாங்க. பக்கத்துல கழுவெளி இருக்கே, 2021-ல பறவைகள் சரணாலயம் ஆக்கினாங்க, 2024-ல ராம்சார் பட்டியல்லயும் வந்துடுச்சு. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. பூநாரை வந்தா எனக்கும் பாக்கப் பிடிக்கும். வந்தவர் ஒருத்தர் எங்க டீக்கடையில உக்காந்து, "பியூட்டிஃபுல் சீசன் இல்ல?"ன்னு கேட்டாராம். கடைக்காரர் நோட்டைப் பாத்துக்கிட்டே ஆமான்னு சொன்னாராம்.

சங்க இலக்கணத்துல ஒவ்வொரு திணைக்கும் பெரும்பொழுது பிரிச்சுக் குடுத்திருக்காங்க. முல்லைக்குக் கார், பாலைக்கு வேனில், இப்படி. மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் ஆறு பருவமும் உரியதுன்னு வெச்சுட்டாங்க. சங்ககாலத்து எயிற்பட்டினம் எங்க மரக்காணம்தான்னு ஆராய்ச்சிக்காரங்க பலர் சொல்றாங்க. அப்பவே இங்க எவனோ ஜோக்கடிச்சு சமாளிச்சிருப்பான் போல!

இப்போ நான் சொல்ல வந்த பருவத்துக்கு வரேன். எங்க அம்மாவோட கம்மல்.

அம்மா நான் வேலைக்குப் போற வரைக்கும் உப்பளத்துக்குப் போனாங்க. அவங்க கம்மல் ஐப்பசி கடைசியில அடகுக்குப் போகும், சித்திரையில வீட்டுக்கு வரும். எஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷமும் நவம்பர் செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் அதுலதான் கட்டினேன். தெருவுல எந்த வீட்டு அத்தை காதுல கம்மல் இருக்கு, யார் காதுல வேப்பங்குச்சி இருக்குன்னு பாத்தே நான் மாசம் சொல்லிடுவேன். எங்க ஊர் 72 பருவம் அதுல எழுதியிருந்துது. எனக்கு அப்போ அதெல்லாம் தோணல. நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க இன்னும் அம்பது ரூபா கேட்டு சண்டை போட்டதுதான் ஞாபகம் இருக்கு.

கம்மல் காலத்துல ஒரு நியாயம் இருந்துச்சு பாருங்க. வட்டி கொள்ளைதான், ஆனா சேட்டுக்குத் தெரியும், சித்திரையிலதான் காசு வரும்னு. அதுவரைக்கும் கதவைத் தட்ட மாட்டார். இப்போ எங்க தெருவுல குழு லோன். வாரத் தவணை. செவ்வாய்க்கிழமை பத்து மணின்னா செவ்வாய்க்கிழமை பத்து மணி. கார்த்திகை மழையில தெருவுல முழங்கால் தண்ணி நின்னாலும் பத்து மணி. ஒருத்தர் கட்டலைன்னா குழுவுல மத்தவங்க கட்டணும், அதனால வசூலுக்கு வர்றவர் சத்தம் போட வேண்டியதே இல்ல, அந்த வேலையை அக்கம்பக்கத்து அத்தைங்களே பாத்துக்குவாங்க. நாப்பது வருஷம் ஒண்ணா வேனுக்கு நின்னவங்க, ஐப்பசி வந்தா ஒருத்தருக்கொருத்தர் முகம் குடுக்க மாட்டாங்க. அது மூஞ்சைப் பாக்கணுமேன்னு அம்மா சொன்னது, மூணு மாசம் தெருவுல தலையைக் குனிஞ்சு நடந்த அத்தையோட மூஞ்சி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. எங்க மாவட்டத்துல மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ-க்கு மேல மழை. உப்பளம் எது, ஏரி எதுன்னு தெரியல. அடுத்த வாரமும் செவ்வாய்க்கிழமை வந்துச்சு.

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். உப்பளத் தொழிலாளிங்களுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை மழைக்கால நிவாரணம்னு 5,000 ரூபா, 2022-ல இருந்து தர ஆரம்பிச்சாங்க. அது வந்தப்போ எங்க தெருவுக்கு முதல்தடவையா "உங்களுக்கும் ஒரு சீசன் இருக்கு"ன்னு ஒரு காயிதத்துல யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. தடைக்கால நிவாரணத்தை மீனவங்களுக்கு 5,000-ல இருந்து 8,000 ஆக்கப்போறதா 2023-ல அறிவிச்சாங்க. குப்பத்து ஆளுங்களுக்குக் குடுக்கறதை நான் பொறாமையா சொல்லல, அவங்க என்கூடப் படிச்சவங்க. ஆனா தடைக்காலத்துக்குத் தேதி உண்டு. உப்பு மழைக்குத் தேதி கிடையாது. ஆடி மழையும், சித்திரையில திடீர்னு அடிக்கற கோடை மழையும் எந்த நிவாரணக் கணக்குலயும் இல்ல. விவசாயக் கடனுக்கு அறுவடையைப் பாத்துத் தவணை வெக்கறாங்க. வெயிலையும் மழையையும் நம்பி, வரப்பு கட்டி, பாத்தி பிரிச்சு, வாரி எடுக்கறதுதான் உப்பும். ஆனா அது விவசாயம் இல்லையாம், தொழிலாம்.

நான் கேக்கறது சின்ன விஷயம். உப்பளக் கூலிக்காரங்களுக்குக் குடுக்கற குழுக் கடன்ல ஐப்பசியில இருந்து தை வரைக்கும் தவணை வேணாம். அதை பங்குனி, சித்திரை, வைகாசியில கூட்டி வாங்கிக்குங்க. பணம் இருக்கும்போது எங்க தெரு கட்டாம ஓடினதில்ல.

"ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காலண்டர் வெச்சா பேங்க் நடத்த முடியுமா?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். நாங்க ரெண்டு பேருமே பேங்கிங் சாஃப்ட்வேர்லதான் வேலை பாக்கறோம்! தவணைத் தேதியைத் தள்ளி வெக்கறதுக்கு ஸ்க்ரீன் இருக்கு, ஃபீல்டு இருக்கு, டெஸ்ட் கேஸ் கூட நான்தான் எழுதினேன். 2020-ல கொரோனாவுக்கு ரிசர்வ் பேங்க் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிக்கலாம்னு சொன்னப்போ நாடு முழுக்க அந்த ஃபீல்டு மாறுச்சு. எனக்கும் பைக் லோனுக்கு மாறுச்சு. முடியாததுன்னு ஒண்ணும் இல்ல. எங்க தெருவுக்கு ஒரு சீசன் இருக்குன்னு அந்த ஸ்க்ரீனுக்கு முன்னால உக்காந்திருக்கறவனுக்குத் தெரியணும், அவ்ளோதான். அவனோ "ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட்"னு ஜோக் சொல்லிக்கிட்டுத் திரியறான். நானும்தான்.

ஜப்பானை ரொம்பத் தூக்கி வெக்க வேண்டாம். அவங்க வானிலைத் துறை சகுரா பூத்துச்சா, சிக்காடா கத்துச்சான்னு 57 வகை செடி, கொடி, பூச்சி, பறவையைக் கவனிச்சுக் குறிச்சுக்கிட்டு இருந்தாங்க. 2021-ல அதை ஆறே ஆறு செடிகொடின்னு சுருக்கிட்டாங்க. நகரத்துல அந்த உயிரெல்லாம் கண்ணுல படறதே கஷ்டமாயிடுச்சாம். ஆனா குறிச்சு வெச்சிருந்ததாலதான் எது காணாமப் போச்சுன்னாவது அவங்களால சொல்ல முடிஞ்சுது. எங்க தெருவுல எந்த வருஷம் என்னிக்கு முதல் உப்பு வாரினாங்க, கோடை மழையில எத்தனை நாள் கூலி போச்சுன்னு எழுதின ஒரு பேப்பர் கிடையாது. இந்த வருஷம் அத்தைகிட்ட கேட்டு நான் குறிக்க ஆரம்பிச்சிருக்கேன். "இதையெல்லாம் எழுதி இன்னா பண்ணப்போற கண்ணு?"ன்னு கேக்குது. லோன் குடுக்கறவங்க மேனேஜர் யாராவது ஒருத்தர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன் அத்தேன்னு சொன்னேன். "காட்டு காட்டு, செவ்வாக்கெழமை பத்து மணிக்கு வருவாரு"ன்னுச்சு.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் முதல் உப்பு எந்த வாரத்துல எடுக்கறாங்க, மழை மாசத்துல குழுத் தவணையை எப்படி சமாளிக்கறாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. மத்தவங்க உங்க தெரு பருவத்தை எழுதுங்க. மூணுன்னு மட்டும் எழுதாதீங்க.