பாயின் ஓரத்தில் ஒரு நாற்காலி

நம் ஊர்களில் ஒருவர் விருந்துகளுக்கு வருவதை நிறுத்திவிட்டால் அது உடனே கண்ணில் படுவதில்லை. முதல் வலிமாவுக்கு வராதபோது, உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். இரண்டாவதற்கும் வராதபோது அவருடைய மருமகளிடம் ஸலாம் சொல்லி அனுப்புகிறோம். மூன்றாவது முறை, "அவர்களால்தான் வர முடியாதே, எதற்குச் சிரமம் கொடுக்க வேண்டும்" என்று அழைப்பிதழை வீட்டு ஆண்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இதனை அன்பினால் செய்வதாகவே நாம் நம்புகிறோம். மூட்டுவாதம் கண்ட பெண்கள் பலர் நம் நடுவிலிருந்து மறைந்துபோவது இவ்வாறுதான்.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. உம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சென்ற ஆண்டு அவர்களுடைய சிறுவயதுத் தோழி ஒருவர் வஃபாத்தானார். இருவரும் ஒரே ஓதல்பள்ளியில் ஓதியவர்கள். ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். மய்யித்து வைக்கப்பட்டிருந்தது மாடியில். கூட்டமும் மிகுதி. "நீங்கள் வர வேண்டாம் உம்மா, வீட்டிலிருந்தே துஆச் செய்யுங்கள்" என்று பிள்ளைகளாகிய நாங்களே முடிவு செய்து, நாங்கள் மட்டும் போய்வந்தோம். உம்மா மறுத்து எதுவும் பேசவில்லை. நான்கைந்து நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே, "மாடி ஏற முடியாது என்று எனக்குத் தெரியாதா? கீழே வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேனே. இறக்கிக் கொண்டுவரும்போது முகம் பார்த்திருப்பேன்" என்றார்கள். அந்த நாற்காலி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸலாமுக்குப் பதிலளிப்பது, நோயுற்றவரை நலம் விசாரிப்பது, அழைப்பை ஏற்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது ஆகியவை ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகள் என்று பிள்ளைப் பருவத்திலேயே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால், நோயுற்றவர் என்று ஒருவரை நாம் முடிவு செய்தவுடன், இந்தப் பட்டியலில் அவருக்கு ஓர் இடத்தை மட்டுமே ஒதுக்குகிறோம்: நலம் விசாரிக்கப்படுபவர். அவரும் அழைப்பை ஏற்க வேண்டியவர், அவரும் இன்னொருவரைப் போய்ப் பார்க்க விரும்புபவர், அவருக்கும் அழ ஒரு மய்யித்து வீடு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். நாள்தோறும் ஆரஞ்சுப் பழமும் அனுதாபமும் பெற்றுக்கொண்டிருப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு சலிப்பானது என்பதைப் பெற்றவர்கள்தாம் அறிவார்கள்.

இது ஒரு சிலரின் துன்பமும் அன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடனும், 1.8 கோடிப் பேர் முடக்குவாதத்துடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முடக்குவாதம் உடையோரில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள். தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. முடக்குவாதமோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குவதால் உண்டாவது. முப்பது வயதுப் பெண்ணுக்கும் அது வரும்.

இந்நோயைப் பற்றி உறவினர் அறிய வேண்டியது, அது நாளுக்கு நாள் மாறும் என்பதே. முடக்குவாதம் தீவிரமாக இருக்கும் காலத்தில், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் கைகால்கள் விறைத்துக் கிடக்கும். நண்பகலில் அதே மனிதர் ஓரளவு நடமாடுவார். ஒரு வாரம் நலமாக இருப்பார், மறுவாரம் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க விரல் மடங்காது. வாரம் ஒருமுறை மாத்திரை உட்கொள்ளும் சிலருக்கு மறுநாள் முழுவதும் குமட்டலும் அயர்வும் இருக்கும். இவற்றில் எதுவும் வெளியே தெரியாது. தெரியாததனால்தான், "வியாழக்கிழமை அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்திற்குப் போகத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிற்கு வரத்தான் கால் வலிக்கிறதாக்கும்" என்ற பேச்சு பிறக்கிறது. வலியை விட இந்தச் சொல்லுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நாங்கள் அறிவோம். எங்கும் போகாதிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

நபி (ஸல்) அவர்களின் குடும்பத்திலேயே இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. ஹஜ்ஜின்போது உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு உடல்நலமில்லை என்று முறையிட்டார்கள். கூடாரத்தில் ஓய்வெடுக்கும்படி நபியவர்கள் சொல்லவில்லை. மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடியே தவாஃப் செய்யுமாறு கூறினார்கள். ஸவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டம் நகருமுன்பே புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. இரண்டு நிகழ்விலும் தம் இயலாமையை வாய்திறந்து சொன்னவர்கள் அப்பெண்மணிகளே. அவர்களுக்காக மாற்றப்பட்டவை முறையும் நேரமும் மட்டுமே. அவர்கள் கூட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை.

நம் கூட்டங்களோ தரையில் நடக்கின்றன. ஸஹனைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்பது நம் கடற்கரையூர்களின் பெருமை. அதைக் கைவிடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் தரையில் அமர்வதும், அமர்ந்தபின் எழுவதும், முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு எத்தகைய சோதனை என்பதை ஒரு வலிமாவில் கவனித்துப் பாருங்கள். இருபக்கமும் இருவர் தூக்கிவிட, சேலை விலகாமல் பார்த்துக்கொண்டு, எல்லோர் கண்ணும் தம்மீது இருக்க எழுந்து நிற்கும் அந்தப் பெண்மணி மறுமுறை வருவாரா? ஸஹனை ஒரு மேசைமீது வைத்துச் சுற்றி நான்கு நாற்காலிகள் போட்டால் அதுவும் ஸஹன் சாப்பாடுதான். அந்த மேசையில் முழங்கால் நன்றாக உள்ள இரண்டு பேரும் சேர்ந்து அமர வேண்டும் என்பது இதில் முக்கியம். இல்லையென்றால் அது நோயாளிகள் மேசை ஆகிவிடும். அங்கு போய் உட்கார எந்த மாமியும் சம்மதிக்க மாட்டார்.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறோம். திருமண மண்டபத்தில் உயரமான கழிப்பிடம் இல்லாமையே பல பெண்கள் வராததற்குக் காரணம். குந்தி அமர முடியாதவர்கள், வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். விருந்து முடியுமுன் புறப்பட்டுவிடுகிறார்கள். இதை ஆண்களிடம் சொல்லக் கூச்சம், மண்டபம் பார்க்கப் போவதோ ஆண்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் கழிப்பிடத்தையும், ஒளூச் செய்யும் குழாய்க்கருகில் அமர ஒரு முக்காலி உண்டா என்பதையும் பார்த்துவரச் சொல்வது வெட்கத்திற்குரிய பேச்சன்று. நாற்காலியில் அமர்ந்து தொழுவதன் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நாற்காலியை முன்கூட்டியே எடுத்துப் போடுவதற்கு ஃபத்வா தேவையில்லை.

விருந்துக்குப் போவதைப் போலவே விருந்தளிப்பதும் இந்நோயால் நின்றுபோகிறது. எங்கள் சாச்சி ஒருவரின் இடியாப்பத்துக்காகவே உறவினர் வருவதுண்டு. விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கியபின் அவர்களால் அச்சைப் பிழிய இயலவில்லை. கடையில் வாங்கி வைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணினார்கள்; எனவே யாரையும் வரச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் ஸுப்ரா விரிக்கப்படவில்லை. பின்னர் அவர்களுடைய நாத்தனார் ஒருவர், "மாவை நீ பதம் பார்த்துக் கொடு, பிழிவது என் பாடு" என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை தாமாகவே வந்து நின்றார். பதம் பார்ப்பதில்தானே இடியாப்பம் இருக்கிறது! "எதுவும் செய்யாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்த நாத்தனார் சொல்லியிருந்தால் சாச்சி அடுப்படிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

நோயுற்றோரிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சொல்லுங்கள். "காலை எட்டு மணிக்கு என்னால் முடியாது, பதினொன்றுக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவதும் வருகைதான். நெடுநேரம் ஒரே இடத்தில் அமர்ந்தால் மூட்டு இறுகும்; நடுவில் எழுந்து நான்கு எட்டு நடந்தால் யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை. கையை இறுகப் பற்றி முஸாஃபஹாச் செய்பவரிடம், மெல்லப் பிடிக்கச் சொல்லலாம். கம்பு ஊன்றினால் கிழவி என்பார்கள் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்து, வழியில் விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இளம்பெண்களின் நிலை இன்னும் கடினம். சம்பந்தம் பேச வருவோருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பெற்றோரே மகளின் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதற்காகவே அவளைத் தோழியர் வீட்டு நிக்காஹ்களுக்கும் அனுப்பாமல் வைக்கிறார்கள். இது எங்களுக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. நிக்காஹுக்குப் பின் தெரியவரும்போது அவள் படும்பாடு மூட்டுவலியினும் பெரிது.

வரவே இயலாத நாட்களும் உண்டுதான். பார்வை குன்றிய இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள், மழைவெள்ளத்தைக் கடந்து பள்ளிக்கு வர முடியவில்லை என்று சொல்லித் தம் இல்லத்தில் வந்து தொழுமாறு வேண்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் சென்றார்கள். தொழுதபின் அக்கம்பக்கத்தார் கூடினார்கள், உணவும் பரிமாறப்பட்டது. ஒருவர் வீட்டுக்கு நாம் போகும்போது, கட்டிலருகே நின்று மருந்துகளை விசாரித்துவிட்டுத் திரும்பாமல், அங்கே நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசலாம். ஊர்ச் செய்தியைச் சொல்லலாம். ஒரு விஷயத்தில் அவருடைய யோசனையையும் கேட்கலாம்.

வரும் மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ். மண்டபத்தைப் பார்க்க இம்முறை உம்மாவையும் அழைத்துப் போனோம். வாசலில் மூன்று படிகள், கைப்பிடி இல்லை. பலகை ஒன்று சாய்வாகப் போட்டுத் தருவதாக மண்டபக்காரர் சொல்லியிருக்கிறார். கழிப்பிடத்தை உம்மாவே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பரவாயில்லை என்றார்கள். பிறகு பெண்கள் பகுதியில் மேடைக்கு அருகே ஓர் இடத்தைக் காட்டி, "என் நாற்காலி இங்கே" என்றார்கள். காற்றாடிக்கு நேர்கீழே இருக்கிறதே என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை, அங்கிருந்தால்தான் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்க்க முடியுமாம்.