எங்களை அநாதை என்று எழுதியது யார்?

எட்டு வயதில் எங்கம்மாவை நான் 'பெரிம்மா' என்று கூப்பிட்டேன்.

1989. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம். பேர் வேண்டாம். மாசத்தில் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாம். அன்றைக்கென்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களும் வந்துவிட்டார்கள். வார்டன் என்னைத் தனியே கூப்பிட்டு, "டேய், உனக்கு அம்மா அப்பா இல்லேன்னுதான் எழுதிக் குடுத்திருக்கு. கேட்டா பெரிம்மான்னு சொல்லு" என்றார். சொன்னேன். முந்தானையில் முடிந்து வந்த வறுத்த மல்லாட்டையை என் கையில் கொட்டிக்கொண்டே எங்கம்மாவும் சொல்லிச்சு: "ஆமாங்க, பெரிம்மாதாங்க."

அப்பா கரும்பு லாரி கவிழ்ந்து செத்துப்போனார். அம்மா தை பொறந்தால் செங்கல்பட்டுப் பக்கம் சூளைக்குக் கல்லறுக்கப் போகும். முன்பணம் வாங்கியாச்சு, ஆனி வரைக்கும் திரும்ப முடியாது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவும் அந்த வருசம் போய்ச் சேர்ந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் இருந்தது, பால்வாடி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. எல்லாம் ஊருக்குள் இருந்தன. காலனிக்கு வந்து "இந்தப் பிள்ளைக்குச் சோறு யார் போடுவா?" என்று கேட்டவர், காப்பகத்துக்குப் பிள்ளை பிடிக்க வந்த ஆள் ஒருத்தர்தான். சும்மா சொல்லக்கூடாது, அவர்தான் கேட்டார்.

அந்தக் காப்பகத்தில் எங்களோடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். பெரும்பாலோர் சேரிப் பிள்ளைகள். எங்களுக்கு இல்லாமல் போனது பெற்றோர் அல்ல. கூலியும் நிலமும்தான் இல்லை. வறுமையை அநாதை என்று மாற்றி எழுதியவர்களுக்குக் காசு வந்தது. அந்தக் காசில் கால்வாசியை எங்கம்மா கையில் கொடுத்திருந்தால் நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்திருப்பேன்.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். 2007-இல் மாமல்லபுரத்துக் காப்பகங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாகப் பத்திரிகையில் வந்த செய்திதான் உச்சநீதிமன்றத்துக்கு வழக்காகப் போனது. 2017 மே மாதம்தான் தீர்ப்பு வந்தது. பத்து வருசம்! வழக்கு தொடங்கியபோது எட்டு வயதாயிருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வரும்போது பதினெட்டு.

2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில், தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்பட எட்டு மாநிலங்களுக்கு எழுதியது: காப்பகப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேருங்கள், முடிந்தால் 100 நாளைக்குள். நான் கேட்கிறேன், அநாதைகளை எந்தக் குடும்பத்தோடு சேர்ப்பது? குடும்பம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா? வேலையும் கூலியும் நின்று கிடந்த காலம் அது. பராமரிப்பு என்ற பேரில் பிரித்தெடுப்பது ஒரு வன்முறை. உரிமை என்ற பேரில் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது இன்னொரு வன்முறை.

சட்டத்தில் குறை இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காப்பகம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்கிறது. வீட்டிலேயே வைத்து வளர்க்க நிதி ஆதரவு உண்டு என்கிறது. 2022-இல் வந்த 'மிஷன் வாத்சல்யா' வழிகாட்டுதல்படி அது ஒரு பிள்ளைக்கு மாசம் 4000 ரூபாய். விதவைத் தாயின் பிள்ளை, கைவிடப்பட்ட பெண்ணின் பிள்ளை, தீராத நோயில் கிடக்கிறவரின் பிள்ளை எல்லாம் அதற்குள் வரும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். எங்கள் காலனியில் வாசல் வாசலாக இருக்கிறார்கள். மனு போட்டவர்கள் எத்தனை பேர்?

எங்கள் ஊராட்சியில் 2023 அக்டோபர் 2 கிராமசபையில் எழுந்து கேட்டேன்: "கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு நம்ம ஊர்ல இருக்கா? அதுக்குத் தலைவர் யாரு?" மேடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செயலர் சொன்னார்: "அதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம். நீங்க தெருவிளக்கு, தண்ணி இருந்தாச் சொல்லுங்க." அந்தக் குழுவுக்குத் தலைவர் ஊராட்சித் தலைவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவருக்கே அது தெரியாது. பிறகு நோட்டைப் பார்த்தால் கூட்டம் நடந்ததாக எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்கென்று 29 துறைகளைப் பட்டியல் போட்டது. 25-ஆவது பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 27-ஆவது நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலன். காகிதத்தில் எங்கள் பிள்ளைகள் அரசியல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஊராட்சிப் பதிவேட்டில்தான் இல்லை.

ஏன் இல்லை? தேர்தலில் நின்று ஜெயித்த குற்றத்துக்காக 1997-இல் மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்ற மண் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவர் வந்துவிடக் கூடாதென்று 2006 வரை தடுத்து வைத்திருந்தார்கள். தலித் தலைவருக்கு நாற்காலி கொடுக்காதவன் தலித் பிள்ளைக்குக் குழு கூட்டுவானா? சாதி இந்து தலைவராக இருந்தால் காலனிப் பிள்ளை அவர் கணக்கில் இல்லை. தலித் தலைவராக இருந்தால் அந்தக் கணக்கை எழுதும் பேனா அவர் கையில் இல்லை.

இப்போது நம் தோழர்களிடம் வருகிறேன். "இது என்.ஜி.ஓ. வேலை தோழர். நமக்கு நிலம், அதிகாரம், வன்கொடுமை எவ்வளவோ இருக்கு." இப்படிச் சொன்னவர்கள் ஒருத்தர் ரெண்டு பேர் அல்ல. பிள்ளையைத் தொண்டு நிறுவனத்துக்கு விட்டுவிட்டு அதிகாரத்தை எங்கிருந்து பிடிப்பீர்கள்? நம் பிள்ளையின் பேரை, அம்மாவை, ஊரை எவனோ ஒருவன் தன் நோட்டில் மாற்றி எழுதலாம் என்றால் அதுதான் முதல் வன்கொடுமை.

பதினெட்டு வயதில் என்னைத் தகரப்பெட்டியோடு வெளியே அனுப்பினார்கள். ரேஷன் கார்டில் என் பேர் இல்லை. சாதிச் சான்று கேட்டுப் போனால் "அம்மா அப்பா பேரு ரெக்கார்டுல இல்லையேப்பா" என்றார் கிராம அலுவலர். அநாதை என்று எழுதியது பத்து வருசம் கழித்து வந்து என் இடஒதுக்கீட்டைத் தின்றது. காலேஜில் சேர வேண்டிய வருசம் நான் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனேன். இன்றைக்குச் சட்டத்தில் 21 வயது வரை பிற்காப்பு உண்டு. ஆனால் சான்றும் கார்டும் கையில் இல்லாமல் வெளியே வருகிற பிள்ளைக்கு அந்தச் சட்டம் இருப்பதை யார் சொல்வது?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. குழந்தைகள் பாதுகாப்புக் குழு காலனியில் உட்காரட்டும், பகலில் அல்ல, பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு. நம் ஊரிலிருந்து எந்தப் பிள்ளை எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, அதன் அம்மா எங்கே என்று ஊராட்சியில் பதிவேடு இருக்கட்டும். எல்லோருக்கும் படிக்க அல்ல, பொறுப்பேற்க. நிதி ஆதரவு மனுவை ஊராட்சி அலுவலகத்திலேயே நிரப்பிக் கொடுக்கட்டும். தையில் சூளைக்குப் போகும் குடும்பங்களின் கணக்கை மார்கழியிலேயே எடுக்கட்டும். காப்பகத்தில் இருக்கும்போதே சாதிச் சான்றும் ரேஷன் கார்டும் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். தலைவர் இருந்தால் தலைவர், தனி அலுவலர் இருந்தால் தனி அலுவலர், பதில் சொல்லட்டும்.

வருசத்துக்கு ஆறு கிராமசபை. படித்த பிள்ளைகளே, எழுதுகிற தோழர்களே, ஒன்றுக்காவது உங்கள் ஊருக்குப் போங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை மினிட் நோட்டில் எழுத வையுங்கள்.

எங்கம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் பேசியதில்லை.