படம் பார்த்துப் பொருத்தினால் போதுமா?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கடிதம் டைப் செய்யவும், படம் பார்க்கவும், கேம் விளையாடவும் பழகியாயிற்று. அடுத்து என்ன என்று யோசிக்கும் பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்கு ரோபோ கிட் வாங்கித் தருகிறார்கள். நல்ல யோசனைதான். நாம் எழுதிய புரோகிராம் திரையில் ஓடுவதைப் பார்ப்பது ஒரு மகிழ்ச்சி. அதே புரோகிராம் தரையில் சக்கரம் வைத்து ஓடுவதைப் பார்ப்பது வேறு மகிழ்ச்சி.

ஆனால் பிறகு நடப்பது என்ன? பெட்டியில் உள்ள படப் புத்தகத்தைப் பார்த்து முதல் நாளே ஒரு வண்டியைப் பொருத்திவிடுகிறார்கள். அடுத்த வாரம் இரண்டாவது மாடல். படங்கள் தீர்ந்ததும் ஆர்வமும் தீர்ந்துவிடுகிறது. பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. இதில் பிள்ளையின் குறை எதுவும் இல்லை. எதை எங்கே பொருத்த வேண்டும் என்று படம் சொன்னது. ஏன் அங்கே பொருத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

எனவே என் கருத்து இதுதான்: கிட் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஆர்வலர்கள் எழுதிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.

நிறுவனம் சொல்லாததைச் சொன்னவர்கள்

லெகோ நிறுவனம் 1998-ல் மைன்ட்ஸ்டார்ம்ஸ் கிட்டை வெளியிட்டது. சீமோர் பேப்பர்ட் 1980-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கிட்டின் மூளை ஆர்.சி.எக்ஸ். என்ற மஞ்சள் நிறப் பெட்டி. அதற்குள் ஹிட்டாச்சியின் மைக்ரோகன்ட்ரோலர், 32 கிலோபைட் ராம். மூன்று மோட்டார்களையும் மூன்று சென்சார்களையும் இணைக்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கெகோவா ப்ரவுட்ஃபுட், இந்தப் பெட்டி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். டேவ் பாம் என்பவர் சி மொழியைப் போன்ற என்.க்யூ.சி. என்ற மொழியை இதற்காக உருவாக்கினார். நிறுவனம் இதைத் தடுத்திருக்கலாம். தடுக்காமல் அனுமதித்தது. அதனால்தான் ஜோனதன் நட்சன் 1999-ல் எழுதிய வழிகாட்டி, டேவ் பாம் எழுதிய வழிகாட்டி, மாரியோ ஃபெராரி, ஜூலியோ ஃபெராரி இருவரும் எழுதிய பெரிய புத்தகம் என்று வரிசையாக வந்தன. பொம்மையைப் பிரித்துப் பார்க்க உரிமை கிடைத்ததால் வந்த புத்தகங்கள் இவை.

"ஏன்" என்ற கேள்வி

இத்தகைய புத்தகம் என்ன கற்றுத் தரும்? மூன்று உதாரணங்கள் பார்ப்போம்.

முதலாவது, உறுதி. லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர் தூரம். கட்டையின் உயரமோ 9.6 மில்லிமீட்டர். இரண்டும் சமமில்லாததால், படுக்கையாக அடுக்கிய துளைக் கட்டைகளின் மேல் ஒரு கட்டையைச் செங்குத்தாக வைத்தால் துளைகள் பொருந்துவதில்லை. தட்டையான துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். இரண்டு துளைக் கட்டைகளுக்கு நடுவே இரண்டு தட்டைத் துண்டுகளை வைத்துப் பாருங்கள்: 9.6, 3.2, 3.2 கூட்டினால் 16. அதாவது சரியாக இரண்டு குமிழ்த் தூரம். இப்போது துளைகள் பொருந்தும். செங்குத்துக் கட்டையை ஆணி போட்டு இறுக்கலாம். கீழே விழுந்தாலும் வண்டி எளிதில் சிதறாது.

இரண்டாவது, பல்சக்கரம். மோட்டாரில் 8 பல் சக்கரமும், வண்டிச் சக்கரத்தின் அச்சில் 24 பல் சக்கரமும் மாட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். திருப்பு விசை, உராய்வில் போவது தவிர, ஏறக்குறைய மூன்று மடங்காகும். மேடு ஏறாமல் நின்ற வண்டி ஏறும். மாற்றி மாட்டினால் சமதளத்தில் பறக்கும், மேட்டில் திணறும்.

மூன்றாவது, சென்சார். கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ காலையில் ஒழுங்காக ஓடும், மாலையில் தடுமாறும். அறையின் வெளிச்சம் மாறியதே காரணம். வெள்ளைத் தாளில் 50, கறுப்புக் கோட்டில் 34 என்று சென்சார் காட்டினால், நடு எண்ணான 42-ஐ எல்லையாக வைக்க வேண்டும். வெளிச்சம் மாறினால் மீண்டும் அளக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, அளந்து பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

பழைய புத்தகம் பயன்படுமா?

நியாயமான கேள்வி. 2006-ல் என்.எக்ஸ்.டி., 2013-ல் ஈ.வி.3, 2020-ல் ரோபோ இன்வென்டர் என்று கிட் மாறிக்கொண்டே வந்தது. 2022-ன் இறுதியோடு மைன்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையே நிறுத்தப்பட்டது. புரோகிராம் எழுதும் பகுதிகள் பழசாகிவிடும் என்பது உண்மை. என்.எக்ஸ்.டி.க்குப் பிறகு குமிழ் இல்லாத கட்டைகளே அதிகம் என்பதால், மேலே சொன்ன 16 மில்லிமீட்டர் கணக்கும் அங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பல்சக்கரக் கணக்கும், சென்சாரை அளக்கும் முறையும் பழசாவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வழிகாட்டி ஒன்றை எழுதியவர்களில் ஒருவரான ரால்ஃப் ஹெம்பல், பின்னாளில் ஈ.வி.3-ல் லினக்ஸை இயக்கும் ஈ.வி.3டெவ் சாஃப்ட்வேரை டேவிட் லெக்னருடன் சேர்ந்து உருவாக்கினார். என்.எக்ஸ்.டி., ஈ.வி.3 வழிகாட்டிகளை எழுதிய லாரன்ஸ் வால்க், பைதான் மொழியில் புரோகிராம் செய்ய உதவும் பைபிரிக்ஸை அதே லெக்னருடன் சேர்ந்து தந்தார். நிறுவனம் கைவிட்ட கிட்டுக்கு உயிர் கொடுப்பவர்கள் புத்தகம் எழுதியவர்களே! பிரித்துப் பார்த்து எழுதியவருக்குத்தான் பழுது பார்க்கவும் தெரிகிறது.

வாங்கும் முன்

* புத்தகம் எந்த மாடலுக்கு உரியது என்று அட்டையில் பாருங்கள். ஆர்.சி.எக்ஸ். புத்தகத்தில் உள்ள புரோகிராம்கள் ஈ.வி.3-ல் அப்படியே ஓடாது.
* முழுக்க முழுக்கப் படிப்படியான படங்களே இருந்தால் தவிர்த்துவிடுங்கள். பல்சக்கரம், சென்சார் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பழைய கிட்டை இரண்டாம் கையாக வாங்கினால், உங்கள் கம்ப்யூட்டருடன் எப்படி இணைப்பது என்பதை முதலில் கேளுங்கள். முதல் ஆர்.சி.எக்ஸ். கிட்டுக்குச் சீரியல் போர்ட் வேண்டும். இன்றைய லேப்டாப்களில் அது இருப்பதில்லை.

வீடியோ பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் மேஜை மேல் விரித்து வைத்து, ஒரு வரி படித்து, ஒரு கட்டையை மாற்றி, தவறினால் மீண்டும் அதே வரிக்கு வருவதற்குப் புத்தகம்தான் வசதி.

புத்தகம் வந்ததும் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "படத்தில் உள்ள வண்டியைக் கட்டு. பிறகு அதில் ஏதாவது ஒன்றை மாற்று." பரணுக்குப் போகாமல் பெட்டியைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.