பெடல் போர்டில் ஒரே ஒரு இடம்தான்... எந்த ஓவர்டிரைவ் வாங்கலாம்?

சனிக்கிழமை சாயங்காலம் கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம் வரை ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு ரிசார்ட் புல்வெளியிலோ, கஃபே மொட்டை மாடியிலோ கிடார் சத்தம் கேட்கும். கோவளத்தில் 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவில்கூட அலையோடு இசையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கடற்கரைக்கும் கிடாருக்கும் அப்படி ஒரு ஒட்டுறவு.

இங்கே வாசிக்க வரும் பையன்களும் பெண்களும் எல்லோரும் காரில் வருவதில்லை. செங்கல்பட்டில் கிளம்பி திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வருகிறவர்கள் உண்டு. முதுகில் கிடார் தொங்கும், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை இருக்கும். அந்தப் பைக்குள் அடங்குகிற அளவுதான் பெடல் போர்டு. ஒன்றரை அடி நீளம் இருந்தாலே அதிகம். அதில் டியூனருக்கு ஓர் இடம், டிலேவுக்கு ஓர் இடம் போனால், ஓவர்டிரைவுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். அது எது? கிடார் வாசிப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதம்தான்.

வீட்டில் இருக்கிற அப்பா, அம்மாக்களுக்காக ஒரு வார்த்தை. ஓவர்டிரைவ் என்பது காலால் மிதித்து இயக்குகிற, சோப்பு டப்பா அளவுப் பெட்டி. அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் தாங்க முடியாத அளவுக்குத் திருகினால் கிடார் ஒலி லேசாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு காதுக்கு இதமாக இருந்ததால், அதையே சின்ன சர்க்யூட்டில் வரவழைக்கப் பார்த்தார்கள். ஜப்பானின் பாஸ் கம்பெனி 1977-ல் ஓ.டி-1 என்ற பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் ஐபனெஸ் கம்பெனியின் டியூப் ஸ்கிரீமர் வந்தது. இன்றைக்குக் கடையில் இருக்கும் ஓவர்டிரைவ்களில் பெரும்பகுதி இந்த இரண்டின் பேரன் பேத்திகள்.

வாங்கப் போகிறவர்கள் பொதுவாக வீடியோ பார்த்து முடிவு செய்கிறார்கள். வீடியோவில் வாசிப்பவர் வைத்திருப்பது நல்ல வால்வு ஆம்ப், எதிரில் விலையுயர்ந்த மைக். ரிசார்ட் மேடையில் இருப்பது என்ன? ஒரு மிக்ஸர், இரண்டு ஸ்பீக்கர். கிடார் ஆம்ப் பெரும்பாலும் கிடையாது. பெடலிலிருந்து கிளம்பும் ஒயர் நேராக மிக்ஸரில் போய்ச் செருகிக்கொள்ளும். சிக்கல் இங்கேதான்.

கிடார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையான ஒலிகளைப் பெரிதாக வெளியே விடாது. ஓவர்டிரைவ் உண்டாக்கும் கரகரப்பின் முள்ளையெல்லாம் மழித்துக் கொடுப்பது அந்த ஸ்பீக்கர்தான். மேடை ஸ்பீக்கரோ பாடகரின் குரல் துல்லியமாகக் கேட்கச் செய்யப்பட்டது. மழிக்காமல் எல்லாவற்றையும் அப்படியே வெளியே தள்ளும். அதனால்தான் வீடியோவில் தேனாக ஒழுகிய பெடல், மேடையில் கொசுக் கூட்டம் மைக்குக்குள் புகுந்த மாதிரி ஒலிக்கிறது. பெடல் மேல் தப்பில்லை. ஆனால் கையிலிருந்த சேமிப்பு போச்சு!

ஆகவே பெடல் பெயரைத் தேடும் முன் கேட்க வேண்டியது, ஒயரின் அடுத்த முனை எங்கே போகிறது என்பதைத்தான். மிக்ஸருக்குத்தான் என்றால், ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் போலச் செய்து காட்டும் 'கேப் சிமுலேட்டர்' ஒன்று போர்டின் கடைசியில் அவசியம். அதற்காக டிலேவைத் தியாகம் செய்தாலும் பாதகமில்லை. அது இருந்தால் சாதாரண ஓவர்டிரைவும் உருப்படியாகக் கேட்கும். இல்லாவிட்டால் எந்தக் கொம்பன் பெடலும் எடுபடாது.

சரி, இப்போது பெடலுக்கு வருவோம். டியூப் ஸ்கிரீமர் வரிசையில் 1982-ல் வந்த டி.எஸ்.9 இன்றும் விற்கிறது. அதன் குணம், சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளைக் குறைவாகக் கரகரக்க விட்டு, நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளுவது. பேஸ் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்த குழுவில் சோலோ வாசித்தால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வரும். கொஞ்சம் கரகரக்கத் தொடங்கிவிட்ட வால்வு ஆம்ப்பை மேலும் உசுப்பிவிடுவதில்தான் இதற்குப் பெயர். தனி ஆளாக ஒரு பாடகிக்குப் பின்னால் கார்டு வாசிப்பவருக்கு இது ஒல்லியாகத் தெரியும்.

பாஸ் கம்பெனியின் எஸ்.டி-1, 1981-ல் வந்தது. சர்க்யூட் கிட்டத்தட்ட டியூப் ஸ்கிரீமரின் சித்தப்பா பிள்ளை. ஒலி அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் டியூப் ஸ்கிரீமர் ஒரே மாதிரி வெட்டும். எஸ்.டி-1 ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய வெட்டும். மேடையில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம். இங்கே பேசும் மூன்றில் விலை குறைந்தது இதுதான். முதல் பெடல் வாங்கும் கல்லூரி மாணவருக்கு இது தாராளமாகப் போதும்.

அதே கம்பெனியின் புளூஸ் டிரைவர் 1995-ல் வந்தது. இது அடிப்பகுதியை அவ்வளவாக வெட்டாது. மெல்லத் தொட்டால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் பேசும். சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலும், கேப் சிமுலேட்டரோடு மிக்ஸரிலும் டியூப் ஸ்கிரீமரைவிட இதுவே நிறைவாக நிற்கும். சனிக்கிழமை ரிசார்ட், ஞாயிறு காலை சர்ச் ஆராதனை என்று இரண்டு இடத்துக்கும் ஒரே போர்டோடு ஓடுகிறவருக்கு இதுதான் பொருத்தம். ஒரு குறை, கூர்மையான ஒலி சற்றுத் தூக்கல். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்தால் அடங்கிவிடும்.

1994-ல் வந்த கிளான் சென்டார் பற்றியும் யாராவது பேச்செடுப்பார்கள். உற்பத்தி நின்றுபோன அந்தப் பழைய பெடல் இன்று லட்சங்களில் கைமாறுகிறது. அதைப் பூட்டி வைக்கத்தான் முடியும், பைக்கில் கொண்டுபோக முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடக இசை வாசிப்பதில் சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் பிரசன்னா என்று தமிழகத்தில் ஒரு வழியே உண்டு. ராகம் வாசிக்கிறவருக்குக் கமகம்தான் உயிர். மீட்டிய கிடார் தந்தியோ சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஸ்வரம் அசைந்து அசைந்து போய் நிற்கும்போது ஒலி பாதிகூட மிஞ்சியிருக்காது. ஓவர்டிரைவ் ஒலியின் உச்சத்தை வெட்டுவதால், உரத்ததற்கும் மெலிந்ததற்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. ஸ்வரம் நீண்டு நிற்கிறது, கமகத்தின் வால் வரைக்கும் கேட்கிறது. அதற்கு டிரைவ் குமிழைக் காலளவு திருகினால் போதும், லெவலை வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம். முழுக்கத் திருகினால் நீளம் இன்னும் கூடும், ஆனால் நுணுக்கம் போய்விடும். சினிமாப் பாட்டின் செவன்த் கார்டுகளுக்கும் இதே கணக்குதான். டிரைவ் கூடக்கூட நாலு ஸ்வரமும் குழைந்து கூழாகும்.

செங்கல்பட்டிலிருந்து பீச் லோக்கல் ஏறி அண்ணா சாலைக் கடைகளுக்குப் போகிறவர்கள் சொந்தக் கிடாரையே தூக்கிக்கொண்டு போங்கள். கடையின் நல்ல ஆம்ப்பில் ஒரு முறை, மிக்ஸரில் ஒரு முறை செருகிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அதுவும் நடுமுனை நெகட்டிவ். வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டர் அநேகமாக இதற்கு நேர் எதிர். பின் பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் அங்கேயே கண்மூடலாம். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போல நாலு பெடலுக்கு மின்சாரம் எடுத்தால் சில சமயம் இரைச்சல் வரும். டிஜிட்டல் டிலே இருந்தால் அது இன்னும் அதிகம்.

கடற்கரையில் வாசிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உப்புக் காற்று ஜாக்கையும் குமிழையும் மெல்ல அரிக்கும். குமிழைத் திருகும்போது சரசரவென்று சத்தம் வந்தால் அதன் வேலைதான். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, புது ஷூ டப்பாவில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டைப் போர்டு பையில் போட்டு மூடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பொட்டலம் மட்டும் அவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.