எழுதிய ஏடும் எண்ணிய ஏடும்



அண்மையில் பங்கின் மரண ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, இறந்த நாள், இறப்பின் காரணம். ஒருவருக்கு ஒரு வரி. சில ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய வரியொன்றில் என் கண் நிலைத்து நின்றது. இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர், காரணம், காசநோய். மருந்து உட்கொள்ளத் தொடங்கிய மூன்றாம் வாரமே மறைந்தார். "மருந்துதான் தொடங்கிவிட்டோமே சாமி, பிறகு ஏன் போனார்?" என்று அவருடைய மனைவி கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை.

விடை மருத்துவமனை ஏடுகளில் இருந்தது. காசநோயால் இறப்போரில் பெரும்பாலோர் சிகிச்சையின் முதல் இரு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். மருந்தில் குறையில்லை, அது பலன் தருவதற்குள் மெலிந்த உடல் தோற்றுப்போகிறது.

இதனை உணர்ந்தே தமிழ்நாடு அரசு, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கிற்று. நோய் உறுதியானவுடன் ஐந்து செய்திகளைக் குறிக்கின்றனர்: உயரத்திற்கேற்ற எடை உண்டா? பாதம் வீங்கியுள்ளதா? நிமிடத்திற்கு மூச்சு எத்தனை? இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா? நிலை கடுமையெனில், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கின்றனர்.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பணிபுரியும் ஒரு மருத்துவர் காணும் நோயாளிகள் சிலரே. அச்சிலரைக் கொண்டு யாருக்கு ஆபத்து மிகுதி என அளந்து சொல்ல இயலாது. ஆனால், 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழகத்தில் நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் குறிப்புகளை ஆய்வாளர் ஒருங்கே எண்ணிப் பார்த்தனர். கடும் நிலையிலுள்ளோர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10 முதல் 50 வரை. ஏனையோர்க்கு 1 முதல் 4 வரையே. 2025இல் இக்கணக்கு சுகாதாரப் பணியாளரின் கைப்பேசிச் செயலியிலும் சேர்க்கப்பட்டது. அது தலையெழுத்தன்று; 'விரைந்து செய்' என்னும் எச்சரிக்கையே.

எனினும், ஏட்டில் ஏறுவது உண்மையாயிருந்தால்தான் கணக்கும் உண்மையாகும். பெண்ணின் திருமணம் தடைப்படுமென அஞ்சி நோயை மறைப்போர் நம்மிடையே உண்டு. எழுந்து நிற்க இயலாதவரை, "கொஞ்சம் களைப்புதான்" என்று சொல்லி அழைத்துப் போவோரும் உண்டு. நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர்களில் புண்களைக் கட்டுகிறது. ஆனால், நோயைத் துணியிட்டு மூடுதல் ஆகாது.

ஆகவே, இல்லத்தில் எவருக்கேனும் இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எடை குறைந்ததையும், கால் வீங்கியதையும், நடை தளர்ந்ததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "படுக்கையில் சேருங்கள்" என்றால், ஆலைக் கூலி போய்விடுமே என்று தயங்காதீர்கள்.

நான் எழுதியது ஒரு வரி. எழுதி ஏட்டை மூடிவிட்டேன். அவ்வரியைப் போன்றவற்றை எண்ணிப் பார்த்தவர்களோ, அடுத்த வீட்டுத் தந்தையைக் காக்கும் வழியைக் கண்டனர். அந்தத் தாய்க்கு நான் காலம் தாழ்த்திக் கூறும் மறுமொழி இதுவே.