வெயில் ஆள் பார்த்துச் சுடுமா?

தோழர்களே!

ஜொகூரில் வெக்கையும் ஈரமும் சேர்ந்து வாட்டும் நாளில் கோல்ப் ஆடும் கனவான்கள் விடிந்ததும் ஆடி முடிக்கிறார்கள். கூரை போட்ட வண்டியில் போகிறார்கள். தலை சுற்றினால் ஆட்டத்தை விட்டு நிழலுக்குத் திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடம்புச் சூடு வெளியேறாது, உயிருக்கே ஆபத்து.

நாம் கேட்பது ஒன்றே. அந்தத் திடலில் புல் வெட்டுகிறவருக்கும், மட்டைப் பை சுமக்கிறவருக்கும், தோட்டத்தில் பால் வாளி தூக்கும் பெண்ணுக்கும் உடம்பு வேறா?

விடியலில் மரம் வெட்டச் சொல்வது நம்மீது கொண்ட இரக்கத்தாலா? இல்லை. குளிர்ந்த வேளையில் பால் நன்றாக ஓடும், அதற்காகவே! பாலெடுத்து நிறுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

வேலையிடச் சூட்டைப் பற்றி அரசாங்கம் 2016இல் வழிகாட்டி வெளியிட்டது. வழிகாட்டி சட்டமாகாது. 2024 ஜூன் 1இல் அமலுக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் திருத்தமோ, முதலாளியிடம் சொல்லியும் உடனடி ஆபத்து நீங்காவிட்டால் தொழிலாளி விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது. நல்லது. ஆனால் எடைக் கணக்கில் கூலி பெறுகிறவருக்கு வெட்டாத மரமே தண்டனையல்லவா?

ஆகவே, வானிலை இலாகா வெப்ப எச்சரிக்கை விடும் நாளில் நிழல், குடிநீர், கூலி குறையாத ஓய்வு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் ஏற வேண்டும். கிராணித் தோழர்களே, செக்ரோல் நம் கையில். மயங்கி விழுந்தவரை 'வரவில்லை' என்று எழுத மறுப்போம்!

ஆடுகிறவருக்குள்ள நிழல் உழைக்கிறவருக்கும் வேண்டும்!