ஜன்னல் கம்பியும் பாட்டியின் முதுகெலும்பும்

வெளிநாட்டுக்கு அனுப்பக் கஷ்டமான சாமான் எது என்று கேட்டால், முன்பெல்லாம் ஆவக்காய் ஜாடி என்பேன். எண்ணெய் கசியாமல் போய்ச் சேர வேண்டுமே! அதைவிடக் கஷ்டமான சாமான் ஒன்று உண்டு என்பது போன மாதம்தான் தெரிந்தது. ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஃபைல்!

"இவளுக்கு ஏன் இந்த வேலை? ரசப்பொடி பக்குவம் எழுதக் கூடாதா?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் வீட்டுக்கும் இது வரும்.

என் மாமியாருக்கு வயது 75. ஆறு மாதமாக இடுப்பு வலி, இடது காலில் மரமரப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. இவ்வளவு நாள் மருந்தும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தாச்சு. ஆபரேஷன் செய்துக்கறது நல்லது" என்றார். மாமியாரோ ஒரே பிடிவாதம். "என் பேரன் பார்த்துச் சொல்லட்டும். அவன் சொன்னாத்தான் படுப்பேன்!"

பேரன் என்றால் என் நாத்தனார் மகன். லண்டனில் முதுகெலும்பு டாக்டர். இவ்வளவுதானே என்று, ஸ்கேன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அத்தை, ஜன்னல் கம்பி நல்லாத் தெரியுது. பாட்டியோட முதுகெலும்புதான் தெரியலை!"

பிறகு விளக்கினான். ஸ்கேனில் முதுகை வரிசை வரிசையாக, வாழைக்காயைச் சீவுகிற மாதிரி, நூற்றுக்கணக்கான படங்களாக எடுக்கிறார்கள். பிலிமில் அச்சாவது அதில் கொஞ்சம்தான். மொத்தமும் இருப்பது ஸ்கேன் சென்டரில் கவரோடு தருகிற சி.டி.யில். அதில் உள்ளவை 'டைகாம்' என்ற வகை ஃபைல்கள். டாக்டர் வேண்டிய இடத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அளந்தும் பார்க்கலாம். போட்டோவில் அதெல்லாம் நடக்காது. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். அந்த சி.டி.யை நான் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து மறந்தே போயிருந்தேன்.

எங்கள் லாப்டாப்பில் சி.டி. போடும் இடமே இல்லை. எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் யூ.எஸ்.பி.யில் சொருகுகிற சின்ன சி.டி. டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தாள். திறந்தால் வாயில் நுழையாத பெயர்களோடு ஏகப்பட்ட ஃபைல்கள். மொத்தம் 600 எம்.பி. "ஒண்ணைக்கூட விடக் கூடாது ஆன்ட்டி. ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணிடலாம்" என்றாள்.

"ஜிப் பண்ணினா மட்டும் சுருங்காதாம்மா?" என்றேன். அவள் சொன்னதை நம் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். ஜிப் செய்வது புடவையை மடிப்பது போல. பிரித்தால் அதே புடவை, அதே ஜரிகை. போட்டோவாகச் சுருக்குவது வற்றல் போடுவது போல. கத்தரி வற்றலை எத்தனை நேரம் ஊறவைத்தாலும் பிஞ்சுக் கத்தரிக்காய் ஆகுமோ?

அடுத்தது எப்படி அனுப்புவது? இ-மெயிலில் முடியாது. ஜிமெயிலில் இணைத்து அனுப்ப எல்லை 25 எம்.பி.தான். அதிலும் மெயிலில் போகும்போது ஃபைல் எழுத்துக்களாக மாறி மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஆகவே 18 எம்.பி.க்கு மேல் போனாலே சந்தேகம். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்ற வழியாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை சுருக்காமல் போகும். கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றிவைத்து, வேண்டியவரை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அங்கே 15 ஜி.பி. வரை இலவசம். ஆனால் உங்கள் மெயிலும் போட்டோக்களும் அந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும்.

நடுவில் யாரும் இல்லாமல் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கே நேராக அனுப்பவும் வழி உண்டு. இந்த ஃபைல் அனுப்பும் சங்கதிக்கு 1971-லேயே 'எஃப்.டி.பி.' என்று ஒரு முறை வகுத்தவர் நம் நாட்டுக்காரர்தான். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண். ஆனால் இன்றைக்கு நம் வீட்டு மோடம் கண்டிப்பான வாட்ச்மேன் மாதிரி. உள்ளிருந்து நாம் கேட்டு வருவதைத்தான் விடும். வெளியிலிருந்து யாராவது தானாக வந்து தட்டினால் திறக்காது. 'சிங்க்திங்' போன்ற இலவச மென்பொருள்கள் இரண்டு வீட்டு வாட்ச்மேன்களையும் சமாதானப்படுத்தி, வழி உண்டாக்கித் தருகின்றன. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் ஓடவேண்டும். நமக்கு ராத்திரி 10 மணி என்றால் லண்டனில் சாயங்காலம். எங்கள் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பான். ஆகவே டிரைவில் ஏற்றிவைப்பதே எங்களுக்குத் தோது.

இங்கேதான் எனக்கு ஒரு பாடம். "100 எம்.பி. ஸ்பீடு" என்று சொல்லி இணைப்புக் கொடுக்கிறார்களே, அது மெகாபிட். ஃபைல் அளவோ மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். தவிர, பல வீடுகளில் இறக்கும் வேகம் ஒன்று, ஏற்றும் வேகம் வேறொன்று. அன்று எங்கள் வீட்டில் ஏற்றும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்தான் இருந்தது. 600-ஐ 8-ஆல் பெருக்கினால் 4800. அதை 2-ஆல் வகுத்தால் 2400 விநாடி. அதாவது 40 நிமிஷம்!

முப்பது நிமிஷம் ஆகியிருக்கும். கரண்ட் போயிற்று! லாப்டாப் பாட்டரியில் ஓடுகிறது, மோடம் அணைந்துவிட்டதே. திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் தடவை, விடியற்காலை எழுந்து, பால் காய்ச்சும் நேரத்தில் ஏற்றினேன். லாப்டாப் தூங்கிவிடாமல் இருக்க அந்தப் பெண் செட்டிங்கை மாற்றிவைத்திருந்தாள். இரண்டாவது காபி கலக்கும்போது முடிந்திருந்தது.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* ஸ்கேன் எடுத்தால் பிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சி.டி.யில் கீறல் விழுந்தால் தொல்லை.

* அந்த ஃபைலுக்குள்ளேயே நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். டிரைவில் 'லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். பார்க்க வேண்டியவரின் மெயில் முகவரியை மட்டும் கொடுங்கள். அவர் எடுத்துக்கொண்டதும் அழித்துவிடுங்கள். குடும்ப குரூப்பில் போடவே வேண்டாம்.

* போய்ச் சேர்ந்தபின் இரண்டு பக்கமும் ஃபைலின் அளவை, எத்தனை பைட் என்று கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம்.

* மிக முக்கியம்: முதுகு வலியோடு சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போனால், தொடை இடுக்கு மரத்துப்போனால், எந்தப் பேரனின் பதிலுக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

அன்று சாயங்காலம் பேரன் வீடியோவில் வந்தான். மாமியார் தலையை வாரி, விபூதி இட்டு, தயாராக உட்கார்ந்திருந்தார். 'வேண்டாம்' என்று அவன் சொல்வான் என்றே நம்பியிருந்தார்.

"பாட்டி, எல்லாப் படமும் பார்த்தேன். உங்க டாக்டர் சொன்னது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அவர் உங்க காலைத் தொட்டுப் பார்த்தவர். நான் படத்தைத்தானே பார்க்கறேன்?"

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நாள் பாருங்கோ" என்றார்.

இத்தனை பாடுபட்டு அனுப்பியும் பதில் மாறவில்லையே என்று இவருக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கில்லை. பயத்தோடு படுப்பதும் சம்மதித்துப் படுப்பதும் ஒன்றா? ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று வாசல்வரை நடந்து போய்க் கீரைக்காரியிடம் பேரம் பேசினார்.

சி.டி. இப்போது பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் புடவைக்கு அடியில் அல்ல, மேலே!